பாக்கெட் டைரி வீடு மாறுகிறது

பழைய டிஜிட்டல் டைரியை மூட்டை கட்டிவிட்டு ஸ்மார்ட்போனுக்குக் குடிபோகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது மெகாபிக்சல் கணக்கு அல்ல.

2029, 2030, 2031. பிளாஸ்டிக் குச்சியால் அந்தச் சின்ன அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருந்தார் பெரியப்பா. 2031-க்கு மேல் திரை நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். ம்ஹூம்.

"பேத்தி பேர்ல போட்ட பாலிசி 2034-ல முடியுதுப்பா. இதுல குறிச்சு வைக்கலாம்னு பார்த்தா முப்பத்தொண்ணோட நின்னுடுது."

அவர் கையில் இருந்தது பாம் எம்105. 2001-ல் அமெரிக்காவிலிருந்து வந்த மகன் வாங்கிக் கொடுத்தது. 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, 8 எம்பி நினைவகம், ரிமோட்டில் போடுகிற ஒல்லி பேட்டரி இரண்டு. ஆடிட்டராக இருந்தவர். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று முன்கூட்டிய வரிக்கான நான்கு தேதிகளும் வருடம் தவறாமல் அதில்தான் மணியடித்தன. பேசுவதற்குத் தனியாக ஒரு பட்டன் போன். இரண்டையும் ஒரே சட்டைப்பையில் சுமந்தே இத்தனை காலம் ஓட்டிவிட்டார்.

கருவி 2031-ல் நிற்பது கோளாறு அல்ல. அதை அப்படித்தான் செய்தார்கள். பாம் கருவிகள் ஒரு தேதியைப் பதினாறே பிட்களில் அடைத்து வைக்கின்றன: நாளுக்கு ஐந்து, மாதத்துக்கு நான்கு, வருடத்துக்கு ஏழு. ஏழு பிட்டில் அதிகபட்சம் 127 வரை எண்ணலாம். கணக்கு தொடங்கும் ஆண்டு 1904. கூட்டிப் பாருங்கள், 2031. முதல் பாம் பைலட்டின் மொத்த நினைவகமே 128 கேபி. அந்த வறுமையில் ஒவ்வொரு பைட்டையும் மிச்சம் பிடித்தவர்கள், முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒருவர் இதை வைத்திருப்பார் என்று எப்படி நினைத்திருப்பார்கள்?

அடுத்த சனிக்கிழமை ஸ்மார்ட்போன் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனோம்.

"கேமரா இருக்கட்டும் தம்பி"

கடைப் பையன் மூச்சு விடாமல் சொன்னான். ஐம்பது மெகாபிக்சல், நூற்றிருபது ஹெர்ட்ஸ், எண்பது வாட்ஸ் சார்ஜிங், செல்ஃபிக்குத் தனி விளக்கு. பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"கேமரா இருக்கட்டும் தம்பி. அப்பார்ட்மென்ட் சங்கக் கணக்கை மாசக் கடைசி நாள்ல மூடணும். அதை இதுல போட்டுக் காட்டு."

பையன் காலண்டரைத் திறந்து ஜனவரி 31-ல் ஒரு குறிப்பு போட்டு, மாதாமாதம் என்று தேர்ந்தெடுத்தான். பிப்ரவரிக்குத் தள்ளினால் காலி. மார்ச் 31-ல் இருந்தது. ஏப்ரல் மறுபடி காலி.

"பிப்ரவரில முப்பத்தொண்ணு ஏது சார்?"

"கடைசி நாள்னு ஒண்ணு இருக்குல்ல?"

பையன் சிரித்துவிட்டான். பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். ஆனால் தவறு பையனுடையதும் அல்ல, போனுடையதும் அல்ல. உலகத்துக் காலண்டர் செயலிகள் பெரும்பாலும் பின்பற்றும் 'ஐகேலண்டர்' என்ற பொது இலக்கணம் 1998-ல் எழுதப்பட்டு 2009-ல் திருத்தப்பட்டது. இல்லாத தேதி வந்தால் அந்த மாதத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது அதன் விதி. 'மாதத்தின் கடைசி நாள்' என்று சொல்லவும் அதே இலக்கணத்தில் வழி இருக்கிறது. ஆனால் பல செயலிகளின் மெனுவில் அது கண்ணில் படுவதில்லை. மாதக் கடைசியில் வாடகை, சம்பளம், கணக்கு என்று இருக்கிறவர்கள் 31 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் வருடத்தில் ஐந்து மாதம் போன் வாயே திறக்காது.

அந்தச் சீட்டில் இன்னும் ஆறு கேள்விகள் இருந்தன. கடையில் பதில் கிடைத்தது இரண்டுக்கு.

மரக்கட்டையில் தொடங்கியது

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1984-ல் இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 'ஆர்கனைசர்' என்ற பெயரில் ஒரு கையடக்கக் கருவியை விற்றது. நம் ஊரில் 90-களில் பர்மா பஜார் வழியே பரவியது கேசியோ வகை டிஜிட்டல் டைரி. அதில் முக்கிய பேட்டரியையும் காப்பு பேட்டரியையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டு, அத்தனை நம்பரையும் தொலைத்துவிட்டு விழித்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. ஆப்பிளின் நியூட்டன் 1993-ல் வந்தது. கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்துக் கேலிக்கு ஆளானது. 1998-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை நிறுத்தினார்.

ஜெயித்தது பாம். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் அதை வெளியே எடுத்து, குச்சியால் எழுதுவதுபோலப் பாவனை செய்து பார்த்தார். என்ன தேவை, என்ன தேவையில்லை என்பதை அந்தக் கட்டைதான் அவருக்குச் சொன்னது. 1996-ல் 299 டாலருக்கு வந்த பைலட்டில் செயலிகளுக்கு நான்கே பொத்தான்: நாள்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்புகள்.

அந்த நான்கையும் போன் விழுங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று: 2007-ல் வந்த முதல் ஐபோனில் 'செய்ய வேண்டியவை' பட்டியலுக்கென்று ஒரு செயலியே கிடையாது. ஆப்பிளின் ரிமைண்டர்ஸ் 2011-ல்தான் வந்தது. ஆர்கனைசரின் இடத்தைப் பிடித்த கருவிக்கு ஆர்கனைசர் வேலை ஒருபோதும் முதல் வேலையாக இருந்ததில்லை. இன்றைய தொல்லைகளில் பாதி இங்கிருந்து வருகிறது.

┌─────────────
பெட்டி: ஒரு தலைமுறையின் தேதிகள்

1994: தொடுதிரையும் காலண்டரும் கொண்ட ஐபிஎம் சைமன் போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

1998: சயானும் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலாவும் சேர்ந்து போன்களுக்கான இயங்குதள நிறுவனமான சிம்பியனைத் தொடங்கின.

2003: ட்ரியோ 600 வந்தது. பாமின் டைரியும் போனும் ஒரே உடம்பில்.

2004: பெங்களூரில் உருவான அமிடா சிம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தது. இந்தியாவின் சொந்தக் கையடக்கக் கணினி. பேசப்பட்ட அளவுக்கு விற்கவில்லை.

2010: பாம் நிறுவனத்தை ஹெச்பி 120 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே அந்தக் கருவிகளைக் கைவிட்டது.
─────────────┘

அடிக்காத மணி

பெரியப்பா சீட்டில் இரண்டாவது கேள்வி: "அலாரம் கட்டாயம் அடிக்குமா?" இதைக் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. என் கதை நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில்லுக்காக, அழகான ஒரு பட்டியல் செயலியை இறக்கி நினைவூட்டல் போட்டு வைத்திருந்தேன். கெடு தேதி வந்தது, போயிற்று, போன் மூச்சு விடவில்லை. மூன்று நாள் கழித்து வேறு எதற்கோ அந்தச் செயலியைத் திறந்தால், விழித்துக்கொண்டதுபோல் வரிசையாக எல்லாவற்றையும் சிவப்பில் காட்டியது.

காரணம் பேட்டரி. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் சும்மா கிடக்கும்போது பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேல் போன் தயாரிப்பாளர்கள் தம் பங்குக்கு இன்னும் கடுமையாகக் கழுத்தைப் பிடிக்கிறார்கள். 'இரண்டு நாள் பேட்டரி' என்று விளம்பரம் செய்ய வேண்டுமே! 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-ல், சரியான நிமிடத்தில் மணியடிக்க ஒரு செயலிக்குத் தனி அனுமதி வேண்டும் என்றானது. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. கடிகாரம், காலண்டர் வகைச் செயலிகளுக்கு மட்டும் விலக்கு.

ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு. ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்கள், தவறவே கூடாத தேதிகளைப் போனோடு வரும் காலண்டரிலோ கடிகாரத்திலோ போடுவது நல்லது. வேறு செயலிதான் பிடிக்கும் என்றால் அமைப்புகளில் போய் அதன் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் போனை நம்புகிற வீடுகள் எத்தனை! அணைத்து வைத்தாலும் நேரத்துக்குத் தானாக விழித்து மணியடித்த அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

'கே'-யில் குவிந்த ஊர்

பெட்டியிலிருந்து பெயர்களை வெளியே எடுக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. எம்105 கணினியோடு பேசுவது பழைய சீரியல் போர்ட் வழியாக. இன்றைய லேப்டாப்பில் அந்த ஓட்டை கிடையாது. பரணில் கிடந்த எக்ஸ்பி கணினியை இறக்கித் தூசி தட்டினோம். அதிசயம், ஓடியது. பாம் டெஸ்க்டாப் மென்பொருள் முகவரிகளை 'விகார்டு' கோப்பாகவும், குறிப்புகளை வெறும் எழுத்துக் கோப்பாகவும் கொடுத்தது. விகார்டு என்பது 90-களின் நடுவில் ஐபிஎம், ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த முறை. இன்றும் எந்தப் போனும் படிக்கும். கால் நூற்றாண்டுக் கருவியையும் நேற்றைய கருவியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது அந்தப் பொது முறைதான்.

அதன்பிறகுதான் வேடிக்கை. இந்தக் கருவிகள் எல்லாம் 'குடும்பப் பெயர், முன்பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்திருப்பவை. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்தைத்தான் பெரியப்பா அந்தக் கட்டத்தில் போட்டிருந்தார். விளைவு, கிருஷ்ணசாமி மகனும் கந்தசாமி மகனும் கோவிந்தன் என்பதைக் 'கே' போட்டு எழுதிக்கொண்டவர் மகனும் ஒரே எழுத்தின் கீழ் ஒண்டுக்குடித்தனம் நடத்தினார்கள். தேடினால் கிடைக்காது, உருட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதுப் போனுக்கு வந்ததும், முன்பெயர்ப்படி அடுக்கு என்று ஒரு அமைப்பை மாற்றியதில் ஊர் முழுக்கத் தத்தம் வீட்டுக்குத் திரும்பியது.

தமிழிலேயே பெயர் எழுதலாம் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். எம்105-ல் அது முடியாது. இப்போது கூகுளின் விசைப்பலகையில் தமிழை விரலால் திரையில் எழுதலாம். 2017-லிருந்து தமிழில் பேசியும் பதியலாம். குச்சியும் வேண்டுமென்றால் சாம்சங்கின் அல்ட்ரா வகைப் போன்களில் உள்ளேயே செருகி வைத்த பேனா உண்டு. திரை அணைந்திருக்கும்போதே பேனாவை உருவிக் குறிப்பு எழுதலாம். பாம் பழக்கத்துக்கு மிக அருகில் வருவது அதுதான். விலையைக் கேட்டதும் பெரியப்பா, "விரல் போதும்ப்பா" என்றுவிட்டார். ஆனால் பாதிப் பெயர் ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் இருந்தால் ஒரே முருகேசன் இரண்டு ஆளாகிவிடுவார். முதல் நாளே ஏதாவது ஒன்றில் உறுதியாக நிற்பது உத்தமம்.

நானூற்றுச் சொச்சம் பெயரில் கணிசமானவர்கள் இப்போது இல்லை. "எடுத்துடட்டுமா பெரியப்பா?" என்றேன். "இருக்கட்டும். அது என்ன, சோறா கேக்குது?"

ஏடிஎம் மாமா

குறிப்புகள் கோப்பைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லாக்கர் எண், வங்கிக் கணக்குகள், கார்டின் நான்கு இலக்கம் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. பாமில் 'தனிப்பட்டது' என்று குறியிட்டுக் கடவுச்சொல்லால் மறைத்து வைத்திருந்தவை. கணினிக் கோப்பாக வெளியே வந்தால் எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை நான் மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிக்கொள்ளப் போனேன். நல்லவேளை, திறந்து பார்த்தேன்.

இதே ஆபத்து போனில் வேறு உருவத்தில் இருக்கிறது. பின் நம்பரைத் தொடர்புப் பட்டியலில் 'ஏடிஎம் மாமா' என்று ஒரு பொய்ப் பெயரில் போன் நம்பர்போலப் பதிந்து வைப்பது நம் வீடுகளில் பழைய தந்திரம். தனியாகக் கிடந்த டைரியில் அது எடுபட்டது. போனில், தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கிற ஒவ்வொரு செயலிக்கும் மாமாவை நாமே அறிமுகம் செய்து வைக்கிறோம்.

2012-ல் பாத் என்ற சமூகச் செயலி, ஐபோன்காரர்களின் முகவரிப் புத்தகத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் தன் சர்வருக்கு ஏற்றியது வெளியே வந்தது. இது உள்ளிட்ட புகார்களுக்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு 8 லட்சம் டாலர் கட்டியது. 2012-லேயே ஐஓஎஸ் 6 வந்தபோது, தொடர்புகளைத் தொட அனுமதி கேட்கும் முறை கட்டாயமானது. ஆண்ட்ராய்டு 2015-ல் அந்த வழிக்கு வந்தது.

நம் நாட்டில் இதன் கொடிய முகத்தைக் காட்டியவை கடன் செயலிகள். ஐயாயிரம், பத்தாயிரம் அவசரக் கடன். அனுமதி கொடு என்று கேட்டதும் கொடுத்துவிடுகிறோம். தவணை தப்பினால் பட்டியலில் உள்ள மாமியார், மேலாளர், பால்காரர் எல்லோருக்கும் போன் போகிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல், தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் கடன் செயலிகள் தொடவே கூடாது என்றது. 2023-ல் கூகுளும் தன் கடையில் அப்படியே தடை போட்டது. தடையை மீறுகிற செயலிகள் வேறு வழியில் போனுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கடன் வாங்கியவரின் போனில் உங்கள் நம்பர் இருந்தாலே போதும், திட்டு உங்களுக்கும் வரும். முகவரிப் புத்தகம் நம் சொத்து என்று நினைக்கிறோம். அதில் இருக்கிற நானூறு பேரின் நம்பிக்கையும் அதில்தான் இருக்கிறது. ஐஓஎஸ் 18-ல் குறிப்பிட்ட சில தொடர்புகளை மட்டும் காட்டும் வசதி 2024-ல் வந்தது. இத்தனை தாமதமாக வந்ததற்கு ஆப்பிளைப் பாராட்ட எனக்கு மனமில்லை.

வாசல் எங்கே?

வீடு பார்க்கப் போகிறவர் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று பார்ப்பார். காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்ப வருமா என்பதையும் விவரமானவர் முதலிலேயே கேட்டுவிடுவார். போன் வாங்கும்போது அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

2009 அக்டோபரில் அமெரிக்காவில் சைட்கிக் என்ற போன் வைத்திருந்தவர்களின் தொடர்புகள், காலண்டர், படங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போயின. தகவல் முழுக்க நிறுவனத்தின் சர்வரில்தான் இருந்தது, சர்வர் படுத்துவிட்டது. பெரும்பகுதியைப் பிற்பாடு மீட்டார்கள். அதற்குள் ஆயிரம் பேர் ஆயிரம் சந்திப்பைத் தவறவிட்டிருப்பார்கள். பாமின் கடைசி வாரிசுகளான வெப்ஓஎஸ் போன்களுக்கான ஹெச்பியின் சேவை 2015 ஜனவரியில் மூடப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்திய வுண்டர்லிஸ்ட் பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2020 மே மாதம் இழுத்து மூடியது. பட்டியல்களைத் தன் வேறொரு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் கெட்டுப்போன போனால் வந்ததல்ல. போன் நன்றாகவே இருந்தது.

அதனால்தான் பெரியப்பாவுக்குப் போன் தேடியபோது கம்பெனி, நிறம், கேமரா எல்லாம் பின்னால் போயின. எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பது முன்னால் வந்தது. 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு ஆண்டு என்றன. இப்போது நடுத்தர விலையிலேயே ஆறு ஆண்டு வாக்குறுதியோடு போன் கிடைக்கிறது. 2034-ஐ எட்ட அதுவும் போதாது என்பதைப் பெரியப்பா உடனே கண்டுபிடித்துவிட்டார், ஆடிட்டர் அல்லவா! "அப்ப நடுவுல இன்னொரு தடவை வீடு மாறணும்" என்றார். மாறலாம், தகவல் விகார்டிலும் ஐகேலண்டரிலும் வெளியே வருமென்றால்.

┌─────────────
பெட்டி: பணம் கட்டும் முன் கடையிலேயே

மாதாமாதம் 31-ம் தேதி ஒரு குறிப்பு போட்டு, பிப்ரவரியைத் திறந்து பாருங்கள்.

ஐந்து நிமிடம் கழித்து ஒரு நினைவூட்டல் போட்டு, திரையை அணைத்து மேசையில் வைத்துவிட்டு விலை பேசுங்கள்.

தொடர்புகள் செயலியில் 'ஏற்றுமதி' எங்கே இருக்கிறது என்று பையனையே காட்டச் சொல்லுங்கள். காலண்டருக்கும் பட்டியலுக்கும் அது கணினி வழியாகத்தான் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல.

தொலைந்தால்: ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துக்கொண்டால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம்.
─────────────┘

ஒரு பையில் இரண்டு

புதுப் போன் வந்து மூன்று வாரம் ஆகிறது. 2034 பாலிசி ஏறிவிட்டது. சங்கக் கணக்குக்கு 28-ம் தேதியே மணியடிக்கும்படி போட்டுக்கொண்டார். மூன்று நாள் முன்கூட்டியே அடித்தால் என்ன குறை என்பது அவர் வாதம். ஒரு குறை மட்டும் சொல்கிறார்: "நாளைக்கு என்ன வேலைன்னு பார்க்கத் திறந்தா, குட் மார்னிங் படம் பதினாலு வந்து நிக்குது. அதைப் பார்த்து முடிச்சா, எதுக்குத் திறந்தேன்னு மறந்து போகுது." வாட்ஸ்அப்பின் மணியை அணைத்துவிட்டு, காலண்டரைத் திரை முகப்பிலேயே பரப்பி வைத்தேன். பாதிதான் குணம்.

போன ஞாயிறு கடைசி வேலை மிச்சமிருந்தது. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முன்பே, நாம் நீண்ட நாள் ஓசையில்லாமல் போய்விட்டால் தகவலை யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைக்கும் படிவமும் உண்டு. பெரியம்மா பெயரையும் மகன் பெயரையும் போட்டார். எத்தனை மாதம் மௌனமாக இருந்தால் அவர்களுக்குச் சொல்லலாம் என்றும் படிவம் கேட்டது. மூன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்கையும் படித்தார்.

"பதினெட்டு போடுப்பா. என்ன அவசரம்?"